காத்திருக்கும் காலத்தில் வேலையும் பயணமும்: ஒக்லாந்து வாழ் எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

புலம்பெயர்ந்த நாடுகளில் நிரந்தர வதிவிடத்திற்காகக் காத்திருக்கும் எம்மவர் மனதை ஓயாது அலைக்கழிக்கும் கேள்விகள் இரண்டு. முடிவு வரும்வரை வேலை செய்யலாமா என்பது ஒன்று. ஊரில் பெற்றோர் நோயுற்றால் ஒரு தடவை போய்வரலாமா என்பது மற்றையது.

அமெரிக்காவில் பச்சை அட்டைக்கு விண்ணப்பித்த உறவினர் ஐ-765 படிவத்தின் மூலம் இடைக்கால வேலை அனுமதியையும், ஐ-131 படிவத்தின் மூலம் முன்கூட்டிய பயண அனுமதியையும் கோருவதைத் தொலைபேசியில் கேட்டறியும் ஒக்லாந்து வாசிகள் பலர், இங்கும் அவ்விரண்டும் சோடியாகவே கிடைக்கும் என எண்ணிவிடுகின்றனர். நியூசிலாந்தில் நிலைமை அவ்வாறன்று. புகலிடம் கோரிய ஒருவர் இங்கு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். காலந்தாழ்த்தாது விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆனால், முடிவு கிடைக்குமுன் நாட்டை விட்டு வெளியேறினாரெனில் அவரது கோரிக்கையே கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். இவ்வேறுபாட்டை உணராது எடுக்கப்படும் ஒரு விமானச் சீட்டு, பல மாதக் காத்திருப்பை ஒரே நாளில் பயனற்றதாக்கிவிடக்கூடும்.

மவுங்காரெய் அடிவாரத்தில்

ஒக்லாந்து நகரின் தென்கிழக்கே அமைந்தது மவுண்ட் வெல்லிங்டன். மாவோரி மக்கள் மவுங்காரெய் என்றழைக்கும் அணைந்த எரிமலையின் பெயரால் வழங்கும் பகுதி இது. விழித்துக் காக்கும் மலை என்பது அப்பெயருக்குக் கூறப்படும் பொருள்களுள் ஒன்று. பண்டகசாலைகளும் தொழிற்கூடங்களும், 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சில்வியா பார்க் அங்காடித் தொகுதியும் இங்கு உண்டு. பொதி கட்டுதல், சுத்திகரிப்பு, உணவகச் சமையற்கட்டு போன்ற வேலைகளைத் தேடுவோர்க்கு இத்தகைய பகுதிகளே முதற் படிக்கட்டு. வதிவிடம் கிடைத்தோரும், அதற்காகக் காத்திருப்போரும் ஒரே வரிசையில் நின்று வேலை கேட்கும் இடம் இது. எனவே, யாரிடம் எந்தப் பத்திரம் உண்டு என்பது இங்கு ஏட்டுப் பிரச்சினையன்று. அடுத்த வார வாடகைப் பிரச்சினையாகும்.

சட்டத்தின் அடிப்படை

அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தில் நியூசிலாந்து 1960இலும், அதன் 1967ஆம் ஆண்டு மேலதிக உடன்படிக்கையில் 1973இலும் இணைந்துகொண்டது. இந்தியாவும் இலங்கையும் இன்றுவரை இச்சமவாயத்தில் இணையாத நாடுகள் என்பதை எம்மவர் அறிவர். இன்று நடைமுறையிலிருப்பது 2009ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டமாகும். இது 2010 நவம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. கோரிக்கையை முதலில் விசாரிப்பது குடிவரவு அலுவலகத்தின் அகதி அந்தஸ்துப் பிரிவு. அங்கு நிராகரிக்கப்பட்டால் குடிவரவு மற்றும் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். தடுப்புக் காவலில் இல்லாத ஒருவருக்கு அதற்கான அவகாசம் பத்து வேலை நாட்கள் மாத்திரமே.

2011ஆம் ஆண்டு யூலை மாதம், ‘அலிசியா’ என்னும் கப்பலில் வந்த எம்மவர் 87 பேர் இந்தோனேசியாவின் பிந்தான் தீவருகே தடுத்து நிறுத்தப்பட்டனர். நியூசிலாந்துக்குச் செல்ல விரும்புவதாக அவர்கள் பதாகை ஏந்தி நின்ற காட்சி உலகச் செய்தியாயிற்று. அப்போதைய பிரதமர் ஜோன் கீ அவர்களுக்கு இங்கு வரவேற்பில்லை என்று கூறிவிட்டார். கடல் வழி அத்துணை கடினமானது. ஆகவே இங்கு புகலிடம் கோருவோரில் மிகப் பெரும்பாலானோர் விமானத்தில் வந்திறங்கியோரே. அவருட் பலர் உல்லாசப் பயண விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்தவர்கள். இங்கேதான் முதற் கவனம் தேவைப்படுகிறது. கைவசமுள்ள விசா காலாவதியாகுமுன் அடுத்த விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதற்கும், காலாவதியான பின் சமர்ப்பிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. விசா இன்றி நாட்டிலிருப்பவர் விசா கோருவது உரிமையாகக் கேட்கும் விண்ணப்பமன்று. அதிகாரியின் தற்றுணிபுக்கு விடப்படும் வேண்டுகோளாகும்.

வேலை அனுமதி தானாக வருவதில்லை

புகலிடக் கோரிக்கையைப் பதிவு செய்த மாத்திரத்தே வேலை செய்யும் உரிமை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறு. தொழில் விசாவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கோரிக்கை பதிவு செய்யப்பட்டமையை உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருத்தல் அவசியம். விசா குறிப்பிட்டதொரு காலத்திற்கே வழங்கப்படும். விசாரணை நீண்டால் அது முடிவடையுமுன் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். காலாவதித் திகதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைத்து, சில வாரங்களுக்கு முன்னரே சட்டத்தரணியுடன் கதைப்பது நன்று. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. வருமானம் குறைந்தோர் அகதிக் கோரிக்கைகளுக்கு அரச சட்ட உதவி கோரலாம். காத்திருக்கும் காலத்தில் அரச வைத்தியசாலைச் சிகிச்சையும், பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கல்வியும் பெறும் தகுதியும் கோரிக்கையாளருக்கு உண்டு.

அனுமதி கிடைத்த பின்னரும் அவதானம் வேண்டும். இங்குள்ள தொழில்தருநர், ஒருவர் வேலை செய்ய உரித்துடையவரா என்பதைக் குடிவரவு அலுவலகத்தின் ‘விசாவியூ’ என்னும் கணினிச் சேவை மூலம் சரிபார்க்கலாம். ஆகவே மறைப்பதற்கு இடமில்லை. மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. அதே வேளை, தற்காலிக விசாக்காரர் என்பதற்காகக் குறைந்தபட்ச வேதனத்திலும் குறைவாகக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. எழுத்து மூல வேலை ஒப்பந்தம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரியது. கடவுச்சீட்டைத் தம்வசம் வைத்துக்கொண்டு தொழிலாளியை விலகிச் செல்லவிடாது தடுப்பது குடிவரவுச் சட்டத்தின்படி குற்றமாகும். அதனைச் செய்பவர் எம்மவராக இருப்பினும் குற்றம் குற்றமே.

புகலிடம் கோரியமை இலங்கை அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தினால் வேலை அனுமதிக்கும் விண்ணப்பியாதிருப்போர் உளர். ஒருவர் கோரிக்கையாளர் என்னும் விடயத்தையே இரகசியமாகப் பேண வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 151ஆம் பிரிவின் கட்டளை என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

பயணம்: மூடியிருக்கும் கதவு

பயண விடயம் முற்றிலும் வேறானது. கோரிக்கை நிலுவையிலிருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறுபவர் கோரிக்கையைக் கைவிட்டவராகவே கொள்ளப்படுவார். தீர்ப்பாயத்தில் அகதி மேன்முறையீடு செய்தவர் நிலையும் இதுவே. தாயாரின் இறுதிக் கிரியைக்காகச் சென்றாலும், ஒரு வாரத்தில் திரும்பும் எண்ணத்துடன் சென்றாலும் விளைவு ஒன்றுதான்.

இது கல்நெஞ்ச விதியாகத் தோன்றலாம். எனினும் இதன் பின்னாலுள்ள நியாயத்தை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ‘என் நாட்டில் எனக்குப் பாதுகாப்பில்லை’ என்பதே புகலிடக் கோரிக்கையின் சாரம். அந்நாட்டுக்கே விரும்பித் திரும்புதல் அக்கூற்றை மறுப்பதாகும். அமெரிக்காவிலும் இக்கொள்கையே நிலவுகிறது. அங்கு முன்கூட்டிய பயண அனுமதியின்றி வெளியேறும் புகலிடக் கோரிக்கையாளர் தமது கோரிக்கையைக் கைவிட்டவராகக் கருதப்படுவார். அனுமதியுடன் சென்றாலும், தாம் அஞ்சி வெளியேறிய நாட்டுக்கே போயிருந்தால், அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

காலாவதியான இலங்கைக் கடவுச்சீட்டைத் தூதரகத்தில் புதுப்பிப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே. சமவாயத்தின் முதலாம் உறுப்புரை, சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் நாடுபவர் அகதியாக இருக்கும் தகுதியை இழக்கக்கூடும் என்று கூறுகிறது. வங்கிக் கணக்குக்கோ சாரதி அனுமதிப்பத்திரத்துக்கோ அடையாளம் தேவையென்று தூதரக வாசலை மிதிக்குமுன் சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெற்றேயாக வேண்டும்.

அந்தஸ்து கிடைத்த பின்னர்

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகள் அனைவரையும் தவறாது குறிப்பிட வேண்டும். ஊரிலோ தமிழகத்து முகாமிலோ இருப்பவரையும் விட்டுவிடலாகாது. முதல் விண்ணப்பத்தில் பெயர் விடுபட்ட உறவினரைப் பின்னர் அழைப்பிக்க முற்படும்போது அவ்விடுபடலே தடையாக வந்து நிற்கும்.

பயணக் கதவு திறப்பதும் இக்கட்டத்தில்தான். சமவாயத்தின் 28ஆம் உறுப்புரையின்படி, சட்டபூர்வமாகத் தங்கியுள்ள அகதிக்குப் பிரயாண ஆவணம் வழங்குவது ஏற்றுக்கொண்ட நாட்டின் கடப்பாடு. முதலாம் உலகப் போரின் பின் நாடற்றுப்போன ரஷ்ய அகதிகளுக்காக 1922இல் பிறிட்யொவ் நான்சன் முன்னெடுத்த ‘நான்சன் கடவுச்சீட்டு’ இதன் முன்னோடி. நியூசிலாந்தில் இவ்வாவணத்தை வழங்குவது குடிவரவு அலுவலகமன்று, உள்நாட்டலுவல்கள் திணைக்களமாகும். இரண்டும் வெவ்வேறு வாசல்கள் என்பதை நினைவிற் கொள்க.

இவ்வாவணம் வந்தபின் யாழ்ப்பாணம் செல்ல முடியாது. ஆனால் பெற்றோரை வேறொரு நாட்டில் சந்திக்க வழி உண்டு. சென்னையிலும் திருச்சியிலும் சிங்கப்பூரிலும் பல்லாண்டு பிரிந்திருந்த எம்மவர் குடும்பங்கள் ஒன்றுகூடுவது இவ்வாறே. செல்லும் நாட்டின் விசாவை முன்கூட்டியே பெற வேண்டும். தமது நியூசிலாந்து விசா மீள்வருகைக்கு இடமளிக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

திறன் அடிப்படையில் வந்த குடும்பங்களுக்கு

அகதிக் கோரிக்கையுடன் தொடர்பில்லாது, தொழில் விசாவில் வந்து வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருக்கும் குடும்பங்களுக்கும் இரு எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, வதிவிட விண்ணப்பம் சமர்ப்பித்ததனால் கைவசமுள்ள தொழில் விசா நீண்டுவிடாது. அதனைத் தனியே புதுப்பிக்க வேண்டும். அவ்வாறு உரிய காலத்தில் தற்காலிக விசாவுக்கு மீண்டும் விண்ணப்பித்தவருக்கு, முடிவு தாமதமானால் ‘இடைக்கால விசா’ வழங்கப்படும். 2011ஆம் ஆண்டு அறிமுகமான ஏற்பாடு இது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதன்பின் 21 நாட்களில் இவ்விசா முடிவடையும். வேலை செய்யும் உரிமை இதில் உண்டா என்பது முன்னைய விசாவையும் புதிய விண்ணப்பத்தையும் பொறுத்தது. ஆகவே விசாக் கடிதத்தின் நிபந்தனைகளை வரிக்கு வரி வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, இடைக்கால விசாவில் பயண உரிமை அறவே இல்லை. விமானம் ஏறியதும் அது முடிந்துவிடும். அவுஸ்திரேலியாவிலுள்ள சகோதரர் ‘பி’ வகைப் பாலவிசா எடுத்து ஊர் போய் வந்ததாகக் கூறுவார். அது அந்நாட்டு ஏற்பாடு. தஸ்மன் கடலுக்கு இப்பால் அதற்கு நிகரானது இல்லை. பயணம் தவிர்க்க முடியாதெனில், பயண நிபந்தனைகள் செல்லுபடியாகும் முழுமையான விசா கையிலிருக்கும் காலத்திலேயே போய் வருதல் வேண்டும்.

நாட்கணக்கு

குடியுரிமை பெற, வதிவிட உரிமையுடன் ஐந்து ஆண்டுகளில் 1350 நாட்களும், அவ்வாண்டுகள் ஒவ்வொன்றிலும் 240 நாட்களும் நியூசிலாந்தில் தங்கியிருக்க வேண்டும். தற்காலிக விசாவில் காத்திருந்த காலம் இக்கணக்கிற் சேராது. வதிவிடம் கிடைத்த மகிழ்ச்சியில் நீண்ட பயணங்களை மேற்கொள்வோர் இதனையும் எண்ணிப் பார்ப்பது நன்று.

உலகெங்கும் சிதறிய எமது இனத்தின் கதை, ஒருவகையில் பத்திரங்களுக்காகக் காத்திருந்த கதையே. 1983 தொடக்கம் தமிழக முகாம்களிற் பிறந்து வளர்ந்து, இன்றுவரை நிரந்தர உரிமையின்றி வாழும் உறவுகளை நினைத்தால், வேலைக்கேனும் வழி திறந்திருக்கும் இந்நாட்டின் வாய்ப்பு சிறிதன்று. அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது எமது பொறுப்பு. திகதிகளைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் சேமியுங்கள். உறவினர் சொல்லையும் முகவர் சொல்லையும் சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள். ஊரிலிருந்து துயரச் செய்தி வரும் வேளையில் நிதானமாகச் சிந்திப்பது எவர்க்கும் அரிது. எனவே வெளியேறினால் என்ன நேரும் என்பதை இன்றே குடும்பத்தாருடன் இருந்து கதைத்து, ஊரிலுள்ளோர்க்கும் விளக்கிவையுங்கள். வர மனமின்றி அல்ல, வர வழியின்றியே பிள்ளை வரவில்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவர்களுக்கும் ஓரளவு ஆறுதலாக இருக்கும்.