ஆலை போனாலும் நஞ்சு போகாது: கொடைக்கானல் தந்த பாடம்

ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆலை மூடப்பட்டால் புகை நின்றுவிடும். கழிவு நீர் ஓடிய வாய்க்காலும் காய்ந்துவிடும். இனிப் பயமில்லை என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் நினைப்பது இயல்பு. ஆனால் ஆலை வளாகத்து மண்ணில் தங்கிவிட்ட நஞ்சு, ஆலையோடு போய்விடுவதில்லை. பாதரசம், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் சாணத்தைப் போலவோ தழையைப் போலவோ மக்கி அழியமாட்டா. ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாக நீரில் கரைந்தோ, மண்ணோடு அடித்துச் செல்லப்பட்டோ ஓடைக்கும் குளத்துக்கும் கிணற்றுக்கும் வந்து சேரும்.

இப்படிக் கெட்டுப்போன இடத்தை யார் சுத்தம் செய்வது? எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது? செய்தார்களா என்று யார் பார்ப்பது? இந்த மூன்று கேள்விகளையும் கொடைக்கானல் மக்கள் 2001-ஆம் ஆண்டு முதல் கேட்டு வருகிறார்கள். அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்வது சமவெளி விவசாயிகளுக்கும் பயன்படும்.

தெர்மாமீட்டர் ஆலை

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்யும் ஆலை ஒன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கி வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அது கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. அப்போது பாண்ட்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்த இந்த ஆலை, பிறகு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. அந்த நிறுவனம் இப்போது இந்துஸ்தான் யூனிலீவர் என்ற பெயரில் இயங்குகிறது. பாதரசமும் கண்ணாடியும் அமெரிக்காவிலிருந்து வரும். தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் அங்கேயே ஏற்றுமதியாகும்.

ஆலை இருந்த இடம் பாம்பார் சோலையை ஒட்டிய மேட்டுநிலம். சோலையில் பிறக்கும் பாம்பாறுதான் மலையிறங்கி, பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. மேட்டில் சிந்தியது பள்ளத்துக்கு வரும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டிய செய்தியல்ல.

பாதரசம் ஒரு விசித்திரமான உலோகம். சாதாரண வெப்பத்திலேயே நீர் போல ஓடும். கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகவும் கிளம்பும். குளத்துச் சேற்றில் சேர்ந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றும். அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் ஏறிக்கொண்டே போகும். நரம்பையும் மூளையையும் கெடுக்கும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவின் மீனைத் தின்ற மக்கள் கை கால் முடங்கிப் போனது 1956-இல் வெளியே தெரிந்தது. உலக நாடுகள் பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் அந்த ஊரின் பெயர்தான்.

பழைய சாமான் கடையில் பாதரசம்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகத் திறந்த வெளியில் கிடந்தது. கண்ணாடியில் பாதரசம் ஒட்டியிருந்தது. உள்ளூர் மக்களும், ஆலையின் முன்னாள் தொழிலாளர்களும், பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் சேர்ந்து 2001 மார்ச் 7-ஆம் தேதி இதை ஊரறியச் செய்தார்கள். அங்கிருந்த கழிவு 7.4 டன் என்றார்கள் அவர்கள். 5.3 டன் என்றது நிறுவனம். தனது விதிமுறைக்கு மாறாக அது விற்கப்பட்டுவிட்டது என்றும் ஒப்புக்கொண்டது. அந்த மாதமே ஆலையில் உற்பத்தி நின்றது. ஆலை திரும்பத் திறக்கப்படவில்லை.

இதைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக்கூடமும் அல்ல. ஊருக்குள் நடமாடும் மக்களின் கண்தான். ஆலைக்குள் எந்த மூலையில் எது கொட்டப்பட்டது, எந்தப் பக்கத்துச் சரிவில் கழிவு போனது என்பதெல்லாம் அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

290 டன் திரும்பிப் போனது

மக்கள் முதலில் கேட்டது, கழிவு வந்த வழியே போக வேண்டும் என்பதுதான். அது நடந்தது. உடைந்த கண்ணாடி, அரைகுறைத் தெர்மாமீட்டர்கள், மிச்சமிருந்த பாதரசம், கழிவுச் சேறு எல்லாமாகச் சுமார் 290 டன் 2003-இல் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. பென்சில்வேனியா மாநிலத்தில் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றில் அது ஒப்படைக்கப்பட்டது. ஏழை நாடுகளுக்கு நஞ்சு வருவது வழக்கம். நஞ்சு திரும்பிப் போவது அபூர்வம்.

ஆனால் மூட்டையில் கட்டி அனுப்பக் கூடியது மட்டுமே போயிற்று. மண்ணில் கலந்தது மண்ணிலேயே நின்றது. ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள், கொடைக்கானலில் பாசியிலும், ஏரி நீரிலும், ஏரி மீனிலும் பாதரசம் இருப்பதைக் கண்டு எழுதினார்கள்.

ஆலைத் தொழிலாளர்களின் கதை தனி. தங்கள் உடல்நலம் கெட்டது என்று அவர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். ஆலையால் யாருக்கும் நோய் வரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் ஏற்பட்டது.

எவ்வளவு சுத்தம் போதும்?

நீண்ட நாள் இழுபறியானது மண் விஷயம்தான். சுத்தம் செய்தபின் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்தது. இது போதாது என்றார்கள் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும்.

இருபது மில்லிகிராம் என்பது கேட்கச் சிறிய அளவு. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். சாதாரண நிலத்தில் ஓர் ஏக்கரின் மேல்மண், அரை அடி ஆழத்துக்கு, சுமார் 900 டன் எடை இருக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால், அந்த ஓர் ஏக்கர் மேல்மண்ணில் 18 கிலோ பாதரசம் இருக்கலாம் என்று பொருள். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வைத்தால் 900 கிராம்தான் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நிறுவனத்தின் தாய் வீடான பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு இவ்வளவு பாதரசத்தை விட்டுவைக்கச் சம்மதிப்பார்களா என்று மக்கள் கேட்டார்கள். இந்த அளவு அந்த இடத்தையே ஆராய்ந்து நிர்ணயித்தது, பாதுகாப்பானது என்று நிறுவனம் பதில் சொன்னது. இன்னும் கண்டிப்பான அளவு வைத்தால் அதிக மண்ணைத் தோண்ட வேண்டும், மரங்களை வெட்ட வேண்டும், செங்குத்தான சரிவில் மண் அரித்துப் போகும் என்பதும் அதன் தரப்பு வாதம். மண் அரிப்புப் பயம் பொய்யல்ல. மலைச்சரிவில் மேல்மண்ணைக் கிளறிவிட்டு மழைக்கு விட்டால் நஞ்சும் சேர்ந்தே ஓடும். ஆனால் அதற்குத் தடுப்பு வேலைதான் மருந்தே தவிர, நஞ்சை விட்டுவைப்பது மருந்தாகாது என்பது மக்கள் தரப்பு.

இந்த வாதம் ஊர் எல்லையைத் தாண்டியும் போயிற்று. சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரஃப் 2015-இல் இதைப் பாட்டாகப் பாடினார். அந்தப் பாட்டு உலகெங்கும் லட்சக்கணக்கானோரை எட்டியது. 2018-இல் சங்கீத வித்துவான் டி.எம். கிருஷ்ணாவும் அவரும் சேர்ந்து இரண்டாவது பாட்டை வெளியிட்டனர். அந்தப் பாட்டின் பொருளே, மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதுதான்.

மண்ணைக் கழுவும் முறை

பாதரசம் பெரும்பாலும் பொடி மண்ணில்தான் ஒட்டிக்கொள்ளும். கல்லிலும் பருமணலிலும் குறைவு. ஆகவே தோண்டிய மண்ணை நீரால் கழுவிச் சலித்துப் பொடி மண்ணைத் தனியே பிரிக்கிறார்கள். நஞ்சு மிகுந்த அந்த மண்ணை மூடிய கலத்தில் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பிரியும். ஆவியைக் குளிரவைத்து மீண்டும் பாதரசமாகப் பிடிக்கலாம். கழுவிய நீரையும் சுத்தம் செய்தாக வேண்டும். மழைக்காலத்தில் மண் வெளியேறாமல் வண்டல் தடுப்புகள் வேண்டும்.

இந்த முறையில் சோதனை வேலை 2017-இல்தான் நடந்தது. அதற்குள் ஆலை நின்று 16 ஆண்டுகள் ஆகிவிட்டன. சுத்தம் செய்வது எவ்வளவு தாமதமாகுமோ, அவ்வளவு மழைக்காலம் நஞ்சு கீழே இறங்கும்.

சமவெளியில் பாலாற்றங்கரை

மலையில் மட்டும் இந்தத் தொல்லை என்று எண்ண வேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் ரசாயனம் செய்த ஓர் ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் நீரில் எளிதில் கரையும், நீரை மஞ்சளாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும்.

அதே வட்டாரத்தின் தோல் பதனிடும் ஆலைகளால் நிலமும் கிணறும் கெட்ட வழக்கை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே பணம் கொடுக்க வேண்டும், நிலத்தைச் சீர்ப்படுத்தும் செலவும் அவனையே சேரும் என்பது தீர்ப்பின் சாரம். அதன்படி அமைக்கப்பட்ட ஆணையம் 186 கிராமங்களில் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. ஆனாலும் நிலம் முழுதும் சீர்ப்படவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு உத்தரவிட வேண்டி வந்தது. இழப்பீடு ஒரு முறை வரும். கெட்ட நிலம் தலைமுறைக்கும் நிற்கும்.

ஊரார் செய்யத் தக்கவை

கெட்டுப்போன இடங்களைக் கையாள மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டுள்ளது. நஞ்சேறியதாகச் சந்தேகப்படும் இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ, தானாகவோ பொதுமக்கள் புகாரின் பேரிலோ, அடையாளம் கண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாரியம் ஆராய்ந்து, நஞ்சு உறுதியானால் நடவடிக்கை எடுக்க வேண்டும். செலவு, கெடுத்தவரைச் சேரும். ஊரார் வாய் திறந்தால்தான் இந்த விதி உயிர்பெறும்.

முதலாவதாக, ஆலையில் வேலை செய்த பெரியவர்களை அழைத்து உட்கார வைத்து, எங்கே என்ன கொட்டினார்கள் என்று கேட்டுச் சர்வே எண்ணோடு எழுதி வைக்கவும். அவர்கள் காலத்துக்குப் பின் அந்த விவரம் கிடைக்காது.

கிணற்று நீரின் நிறம், மணம், சுவை மாறினாலோ, மாடு குடிக்க மறுத்தாலோ, பயிர் காரணமின்றிக் கருகினாலோ தேதியோடு குறித்து வைக்கவும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்க, காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தேதி தெரியாவிட்டால் வழக்கு நிற்காது.

சாதாரண மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகளும், களர் உவர் நிலையும், சில நுண்ணூட்டங்களும்தான் தெரியும். பாதரசமோ குரோமியமோ அதில் வராது. ஆகவே "மண் நன்றாக இருக்கிறது" என்ற அட்டையை நம்பி இருந்துவிடக் கூடாது. கன உலோகங்களுக்கு எனத் தனியே கேட்டு ஆய்வு செய்ய வேண்டும். மாதிரியை ஆய்வுக்கூடம் தரும் பாட்டிலிலேயே, அவர்கள் சொல்லும் முறைப்படி எடுக்கவும்.

கிராமசபையில் தீர்மானம் போட்டு, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் அனுப்பி, அத்தாட்சி வாங்கி வைக்கவும். ஆய்வு முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். சுத்திகரிப்பு தொடங்கினால் மூன்று விவரங்களைக் கேட்கவும்: எந்த அளவுக்குச் சுத்தம் செய்யப்போகிறார்கள்? தோண்டிய மண் எங்கே போகிறது? வேலை முடிந்தபின் கிணறுகளை எத்தனை ஆண்டு சோதிப்பார்கள்?

செய்யக் கூடாதவை

பழைய ஆலை வளாகத்து மண்ணை வீட்டுக்கோ களத்துக்கோ மேடு போட அள்ளக் கூடாது. கழிவு நீர் சேர்ந்த குளத்து வண்டலை வயலுக்கு அடிக்கக் கூடாது. வண்டல் என்றால் உரம் என்ற பழக்கம் இங்கே செல்லாது. ரசாயனம் இருந்த பீப்பாயை விதைக்கோ தண்ணீருக்கோ வாங்கக் கூடாது. அந்த இடத்தில் ஆடு மாடு மேய விடுவதும், அந்தக் குளத்தில் மீன் பிடிப்பதும் ஆகாது. ஊரார் தாமாகவே தோண்டிச் சுத்தம் செய்ய முயல்வது எல்லாவற்றிலும் ஆபத்து. தோண்டுவது தேர்ந்தவர் வேலை. அதைக் கண்காணிப்பது ஊரார் வேலை.

கொடைக்கானலில் மூட்டைகள் கப்பலேறியதும், ஆலை மூடப்பட்டதும், தொழிலாளர்களுக்குச் சமரசம் கிடைத்ததும் யாரும் தாமாக முன்வந்து செய்தவை அல்ல. மக்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டதால் நடந்தவை. இன்னும் நடக்க வேண்டியதும் கேட்டால்தான் நடக்கும். சிறு விவசாயிக்கு இருப்பது ஒன்றிரண்டு ஏக்கரும் ஒரு கிணறும்தான். அது கெட்டுப்போனால் வேறிடம் போய்ப் பிழைக்க வழியில்லை. ஊருக்கருகே மூடிக்கிடக்கும் ஆலை எதுவாயினும், அதன் பூட்டிய கதவுக்குப் பின்னால் மண் எப்படி இருக்கிறது என்று அடுத்த கிராமசபையிலேயே கேட்டு வைப்பது நல்லது.