ஏர்போர்ட் பக்கத்தில் ஹோட்டல்: எத்தனை மாடி கட்டலாம்?

விமான நிலைய வாசலிலேயே ஒரு ஹோட்டல் கட்டினால் வியாபாரம் அமோகமாக இருக்கும். ஆனால் எத்தனை மாடி என்பதை முதலாளியும் ஆர்க்கிடெக்டும் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. விமானம் இறங்கும் பாதைக்குத்தான் அங்கே முதல் மரியாதை! ஏர்போர்ட் அருகே மனை வாங்கி வீடு கட்டுபவர்களுக்கும் இதே விதிதான். அந்தக் கணக்கைப் பார்ப்போமா?

கண்ணுக்குத் தெரியாத கூரை

பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை, விமான நிலைய மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரத்தில் ஒரு கற்பனைக் கூரை உண்டு. திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 88 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே அங்கே கூரை 133 மீட்டர். மனையின் தரை 85 மீட்டர் என்றால் கட்டடத்துக்குக் கிடைப்பது 48 மீட்டர். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி, ஆன்டெனா எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

விமானம் இறங்கும் திசையில் இந்தக் கூரை இன்னும் தாழ்வு. அங்கே 50 மீட்டர் தள்ளிப் போனால்தான் 1 மீட்டர் உயரும். சரிவு தொடங்கும் இடத்திலிருந்து 500 மீட்டரில் 10 மீட்டர்தான். மூன்று மாடிக்கே சரியாகிவிடும். அதனால்தான் ஏர்போர்ட் ஹோட்டல்கள் ஓடுபாதையின் நேர்கோட்டில் வராமல், டெர்மினலை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்கின்றன.

ஆன்லைனில் அனுமதி

இந்தியாவில் இதற்கான விதிகள் 2015-ல் வெளியாயின. இந்திய விமான நிலைய ஆணையத்தின் 'நோகாஸ்' என்ற இணைய சாஃப்ட்வேரில் மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, தரைமட்டம், கட்டட உயரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஓடுபாதைகளோடு ராடார் போன்ற கருவிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அனுமதிக்கப்படும் உயரம் தரப்படும். வண்ணக் குறியிட்ட வரைபடங்களும் உண்டு. அதில் சிவப்புக் கட்டத்துக்குள் உங்கள் மனை இருந்தால் ஆணையத்தின் சான்று கட்டாயம்.

ஜிபிஎஸ் உயரம் ஜாக்கிரதை!

செல்போனைப் பார்த்துத் தரைமட்டத்தை எழுதிவிடாதீர்கள். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமிக்கு வரைந்த ஒரு கணித வடிவத்திலிருந்து அளக்கிறது. நம் பகுதியில் கடல் மட்டம் அந்த வடிவத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. திருத்தம் செய்யாத ஆப் ஒன்றை எங்கள் நெடுங்காட்டில் திறந்தால் மைனஸ் 90-ஐ ஒட்டி உயரம் காட்டும். ஊர் ஒன்றும் கடலுக்குள் மூழ்கிவிடவில்லை!

திருச்சி மனைக்கு 85-க்குப் பதில் மைனஸ் 5 என்று எழுதினால் என்ன ஆகும்? 48 மீட்டர் கட்ட வேண்டிய இடத்தில் 138 மீட்டர் கட்டலாம் என்று கணக்கு வரும். விமானத்துக்கு ஆபத்து, கட்டியவருக்கோ இடிக்க வேண்டிய நிலை. உயரம் மீறிய கட்டடங்களை இடிப்பதற்கான வரைவு விதிகளை 2025 ஜூனில் மத்திய அரசு வெளியிட்டது. எனவே சர்வேயரின் சான்றிதழ்தான் பாதுகாப்பு.

சிங்கப்பூர் வழி

சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் டெர்மினலை ஒட்டி 2008-ல் கிரவுன் பிளாசா ஹோட்டல் திறக்கப்பட்டது. 2016-ல் 10 மாடி, 243 அறைகளுடன் ஒரு புதிய பகுதி சேர்ந்தது. அறைகளைத் தொழிற்சாலையிலேயே பெட்டி பெட்டியாக முடித்துக் கொண்டுவந்து அடுக்கினார்கள். கிரேனுக்கும் உயரக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் தளத்து வேலை குறைவது எவ்வளவு பெரிய லாபம்!

மனை பார்க்கப் போகும் முன் அந்த வண்ண வரைபடத்தை ஒருமுறை இணையத்தில் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதை அதன் பிறகு வைத்துக் கொள்ளலாம்.