தரையில் குருவிக் குஞ்சு! கையில் எடுக்கலாமா, கூடாதா?

பரிதாபப்பட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனால் உயிருக்கே ஆபத்து!

தேவிகாபுரம்,

ஆரணி அருகே உள்ள தேவிகாபுரம், பட்டுத் தறிச் சத்தம் கேட்கும் ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் ஓட்டு வீட்டு எரவாணமும் சுவர்ப் பொந்தும் சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி. காற்று அடித்தாலோ, பூனை பாய்ந்தாலோ குஞ்சு தொப்பென்று தரையில் விழும்.

"ஐயோ பாவம், தாய் இல்லாத குஞ்சு!" என்று அட்டைப்பெட்டியில் போட்டு பாலும் சோறும் ஊட்டுகிறார்கள். மறுநாள் காலையில் குஞ்சு விறைத்துக் கிடக்கிறது. கொன்றது பூனை அல்ல, பரிதாபம்!

இறகு இருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உடம்பில் மயிர் இல்லாமல், கண் திறக்காமல் இருந்தால் அது பச்சைக் குஞ்சு. கூடு எங்கே என்று தேடி அதிலேயே வைத்துவிட வேண்டும். கூடு பிய்ந்து போயிருந்தால், சின்னக் கூடையில் தேங்காய் நார் பரப்பி, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடலாம்.

உடம்பு முழுக்க இறகு, குட்டை வால், தத்தித் தத்தி நடை என்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. சிட்டுக்குருவிக் குஞ்சு சுமார் 15 நாளில் கூட்டை விட்டு வந்துவிடும். தாயும் தகப்பனும் தரைக்கே வந்து இரை கொடுக்கும். நாய், பூனையை விரட்டிவிட்டு ஒதுங்கி நின்றாலே போதும்.

"மனுஷ வாசம் பட்டா தாய் சேர்க்காது" என்பார்கள். அது தப்பு! கை பட்டதற்காகத் தாய்க்குருவி குஞ்சைத் தள்ளிவிடாது.

என்ன குஞ்சு?

வாய் ஓரம் மஞ்சளாக, கட்டைவிரல் அளவில் இருந்தால் சிட்டுக்குருவியாக இருக்கலாம். அதே மாதிரி, ஆனால் பெரிசாக இருந்தால் மைனாவாக இருக்கலாம். மஞ்சள் பூமயிரும் நீண்ட அலகும் இருந்தால் புறா. வளைந்த அலகு, காலில் முன்னே 2 விரல், பின்னே 2 விரல் என்றால் கிளி. வெள்ளைப் பஞ்சு மாதிரி மயிர், கொக்கி அலகு, முழிக்கிற கண் என்றால் ஆந்தை அல்லது கூகை. இது அபசகுனம் இல்லை. எலி தின்று வயலைக் காப்பது. அதன் தாய் ராத்திரியில்தான் இரையோடு வரும்.

எல்லாவற்றையும் விட நிச்சயமான அடையாளம், பக்கத்தில் பதறிக் கத்தும் பெரிய பறவைதான்.

தண்ணீர் ஊற்றாதீர்கள்!

குஞ்சின் வாயில் தண்ணீரோ பாலோ சொட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சிட்டுக்குருவிக் குஞ்சுக்குத் தாய் கொடுப்பது பெரும்பாலும் புழு, பூச்சி. புறாவோ தன் தொண்டைப் பையில் ஊறும் பாலைக் கொடுக்கிறது. சோறு இதற்கெல்லாம் ஈடாகாது.

காயம் பட்டிருந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, கதகதப்பான இருட்டு மூலையில் வையுங்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை டாக்டரிடம் கொண்டு போங்கள்.

தறி வீட்டுக்காரர்களுக்கு ஒரு சேதி. தெருவில் போடும் நூல் துண்டைக் குருவி கூட்டுக்குத் தூக்கிப் போகும். அது குஞ்சின் காலைச் சுற்றி இறுக்கினால் கால் அழுகிவிடும். கழிவு நூலைக் கூட்டி அள்ளிப் போடுவது நல்லது.

ஜெயிலும் உண்டு!

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையை உடைப்பதும் வேட்டைக் கணக்கில் சேரும். குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். பச்சைக்கிளிக்கும் இதே கதிதான். 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். 25 ஆயிரம் ரூபாயாக இருந்த அபராத உச்சவரம்பை 2022-ம் ஆண்டு திருத்தம் 1 லட்சமாக உயர்த்திவிட்டது.

இருட்டில் இருந்த கிராமம்

"குருவிக்காக நாம கஷ்டப்படணுமா?" என்று கேட்பவர்கள் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியைக் கேட்டுப் பார்க்கட்டும். 2020-ம் ஆண்டு அங்கே தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். சுமார் 100 குடும்பங்கள் உள்ள ஊர் கூடிப் பேசியது. ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடவில்லை!

அதே மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை.

நம் வீட்டு எரவாணக் குருவி கேட்பது அவ்வளவு கூட இல்லை. 15 நாள் ஒட்டடைக் கோலை அந்தப் பக்கம் நீட்டாமல் இருந்தால் போதும்!