24 முதல் 120 வரை: ஒரே லென்ஸ் போதுமா?

மிரர்லெஸ் கேமரா வாங்க நினைப்பவர்கள் பாடியைப் பற்றி மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். இந்த மாடலா, அந்த மாடலா, மெகாபிக்சல் எத்தனை, வீடியோ எப்படி என்று ஒன்றையும் விடுவதில்லை. லென்ஸ் என்று வரும்போது மட்டும் ‘கூட வருவதே போதும்’ என்று முடித்துவிடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் இது தலைகீழாக நடக்க வேண்டும். பாடி நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இரண்டு மூன்று பாடிகளைக் கடந்தும் உழைக்கும். அதிலும் எந்நேரமும் கேமராவில் மாட்டியே இருக்கப்போகிற ‘ஸ்டாண்டர்டு ஜூம்’ லென்ஸில் கோட்டை விட்டால், எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அது தெரியும்.

ஃபுல்ஃபிரேம் உலகில் இந்த லென்ஸுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, 24-70 மி.மீ. எஃப்/2.8. கல்யாண ஃபோட்டோகிராஃபர்களும் பத்திரிகைக்காரர்களும் பல வருடமாகப் பூஜித்துவரும் லென்ஸ். இன்னொன்று, எஃப்/4 அப்பர்ச்சரோடு 105 அல்லது 120 மி.மீ. வரை நீளும் ரகம். முதலாவது ‘புரொஃபஷனல்’, இரண்டாவது ‘சும்மா டூருக்கு’ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மிரர்லெஸ் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது என்பதே என் கட்சி. அதற்குச் சாட்சியாக நிக்கான் 2021 அக்டோபரில் அறிவித்த நிக்கோர் இசட் 24-120 மி.மீ. எஃப்/4 எஸ் லென்ஸை எடுத்துக்கொள்வோம்.

24-120 என்ற எண்ணுக்கு நிக்கான் வட்டாரத்தில் பெரிய மரியாதை இருந்ததில்லை. 1996இல் முதல் 24-120 வந்தது. 2003இல் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் வசதியுடன் அடுத்தது. இரண்டுமே நீட்டி ஜூம் செய்தால் எஃப்/5.6க்கு இறங்கிவிடும், மூலைகள் மழுங்கல். 2010இல் எஃப்/4 நிலையாக நிற்கும் பதிப்பு வந்து மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியது. அப்போதும் விவரம் தெரிந்தவர்கள் ‘வசதிக்கு வாங்கலாம், தரத்துக்கு வேண்டாம்’ என்றுதான் சொன்னார்கள்.

குறை வடிவமைத்தவர்களுடையது மட்டுமல்ல. கேமராவுக்குள் இருந்த கண்ணாடிக்கும் அதில் பங்கு உண்டு. எஸ்எல்ஆர் கேமராவில் சென்சாருக்கு முன்னால் மேலும் கீழும் அசையும் கண்ணாடிக்கு இடம் விட வேண்டும். அதனால் நிக்கானின் பழைய எஃப் மவுண்டில், லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம். 24 மி.மீ. குவியத் தூரம் கொண்ட லென்ஸ் இயல்பாகச் சென்சாருக்கு அருகில் இருக்க வேண்டியது. அதை அவ்வளவு தள்ளி நிறுத்தினால் ஒளியைச் சுற்றி வளைத்துத்தான் கொண்டுவர வேண்டும். வளைக்க வளைக்க ஓரங்கள் கெடும். மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே இல்லை. இசட் மவுண்டில் அந்தத் தூரம் வெறும் 16 மி.மீ., வாயின் விட்டமோ 55 மி.மீ. பின்பக்க லென்ஸ் ஒன்றைப் பெரிதாகச் செய்து சென்சாரை ஒட்டியே வைக்கலாம். 2010இன் லென்ஸ் 710 கிராம், புதியது 630. அகலக் கோணத்தில் மூலைகள் தெளிவாகத் தெரிவதற்கும், எடை குறைந்ததற்கும் இந்த இடமாற்றம் முக்கியமான காரணம். கேனனும் சோனியும் இதே ஆதாயத்தைத்தான் தங்கள் மவுண்டுகளில் எடுத்துக்கொண்டன.

எஃப்/4 போதுமா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். எஃப்/2.8ஐவிட எஃப்/4இல் பாதி வெளிச்சமே உள்ளே வரும். எஃப்/2.8இல் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்த படத்தை, அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க இங்கே 6400 வேண்டும். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்றைய ஃபுல்ஃபிரேம் சென்சாருக்கு 6400 பெரிய சுமை இல்லை. லைட்ரூமில் 2023இல் வந்த ஏஐ டீநாய்ஸ், புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலில் பெரும்பகுதியைத் துடைத்துவிடுகிறது.

சரி, பின்னணி கரைவது? ‘போர்ட்ரெய்ட் எடுக்க 2.8 இல்லாமல் முடியாது’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் வாசலின் விட்டம் தெரிய, குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் போதும். 70ஐ 2.8ஆல் வகுத்தால் 25 மி.மீ.; 120ஐ 4ஆல் வகுத்தால் 30 மி.மீ. ஆளைப் படத்தில் ஒரே அளவில் வைத்து எடுத்தால், வெகு தொலைவில் இருக்கும் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை முடிவு செய்வது இந்த விட்டம்தான். அதாவது, தூரத்துப் பின்னணியை எஃப்/4 லென்ஸ் கூடுதலாகவே கரைக்கும்.

பின்னணி பக்கத்தில் இருந்தால் கதை மாறும். 70 மி.மீ.இல் 2 மீட்டர் தள்ளி நின்று ஒருவரை இடுப்பு வரை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 120இல் அதே அளவுக்கு எடுக்கச் சுமார் 3.4 மீட்டர் பின்னால் போக வேண்டும். இந்த நிலையில் பின்னணி ஆளுக்குப் பின்னால் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இருந்தால் 70 எஃப்/2.8 ஜெயிக்கும், அதைத் தாண்டினால் 120 எஃப்/4. கல்யாண மண்டப மேடையில் மணமக்கள் முதுகுக்கு இரண்டடி பின்னால் பூ அலங்காரம் நிற்கும். அங்கே எஃப்/2.8காரர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அதே ஜோடியை மறுநாள் கடற்கரைக்கோ தோப்புக்கோ அவுட்டோர் ஷூட்டுக்கு அழைத்துப் போனால், எஃப்/4 லென்ஸ் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. முகமும் 120இல் இன்னும் லட்சணமாக வரும். தள்ளி நின்று எடுப்பதால் மூக்கு பெரிதாகத் தெரியாது.

எஃப்/4 உண்மையிலேயே தோற்கும் இடம், வெளிச்சம் குறைந்த இடத்தில் ஆள் அசைவது. கோயில் உள்பிராகாரத்தில் நடக்கும் கல்யாணம், மேடை நாட்டியம், உள்ளரங்கக் கபடி. அங்கே இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள் இருக்கிறது. அசைவில் இழுபட்ட கையை நேராக்க இன்னும் நம்பகமான வழி இல்லை. இதற்கு என் பரிகாரம் எஃப்/2.8 ஜூம் அல்ல, ஜூம் இல்லாத ஒரு சின்ன பிரைம் லென்ஸ். நிக்கானின் இசட் 40 மி.மீ. எஃப்/2 வெறும் 170 கிராம். எஃப்/4ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் தரும். 24-120ஐயும் இந்தப் பொடியனையும் சேர்த்து எடை போட்டால் 800 கிராம். 2019இல் வந்த இசட் 24-70 எஃப்/2.8 எஸ் ஒன்று மட்டுமே 805 கிராம். பணக் கணக்கும் அப்படியே. அறிமுகமானபோது அமெரிக்காவில் 24-120க்கு ஏறத்தாழ 1,100 டாலர், 40 மி.மீ.க்கு 300, அந்த 24-70க்கோ 2,300.

கிட்டத்தில் எடுப்பதிலும் இந்த லென்ஸ் ஆச்சரியப்படுத்துகிறது. எந்த ஜூம் நிலையிலும் சென்சாரிலிருந்து 35 செ.மீ. வரை நெருங்கி ஃபோக்கஸ் செய்யலாம். 120இல் அவ்வளவு நெருங்கினால் 0.39 மடங்கு உருவம் விழும். ஒரு விசிட்டிங் கார்டை வைத்தால் அகலவாக்கில் படம் நிரம்பிவிடும். தாலி, மோதிரம், மருதாணிக் கை எல்லாவற்றுக்கும் இது போதும். தனி மேக்ரோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். லென்ஸ் முகத்திலிருந்து பொருளுக்கு ஒரு சாண்கூட இருக்காது என்பதால் ஹூடைக் கழற்றிவிட வேண்டியிருக்கும். அதன் நிழலே பொருள்மேல் விழுந்துவிடும்.

பூசி மெழுகிய கோடுகள்

விமர்சனங்கள் அடக்கி வாசிக்கும் ஒரு சங்கதி உண்டு. மிரர்லெஸ் லென்ஸ்களில் பாதி வேலையை லென்ஸின் கண்ணாடி செய்கிறது, மீதியைக் கணினி செய்கிறது. 24 மி.மீ.இல் நேர்க்கோடு வெளிப்பக்கம் பிதுங்கும். ஜூம் செய்தால் உள்பக்கம் குழியும். மூலைகள் இருண்டு வரும். இந்தக் குறைகளைத் திருத்தும் தகவலைக் கேமராவே ரா ஃபைலுக்குள் எழுதிவைக்கிறது. லைட்ரூமில் திறந்தவுடன் திருத்தம் தானாக ஏறிவிடும். நாம் பார்ப்பது மேக்கப் போட்ட முகத்தைத்தான்.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். வளைவைத் திருத்தும் வேலையை மென்பொருளிடம் விட்டதால்தான் கண்ணாடி வடிவமைப்பாளர்கள் கூர்மையிலும் எடையிலும் கவனம் செலுத்த முடிந்தது. அளவு மீறினால்தான் சிக்கல். 2019இல் வந்த கேனன் ஆர்எஃப் 24-240ஐ 24 மி.மீ.இல் வைத்து, திருத்தம் இல்லாமல் பார்த்தால் நான்கு மூலைகளும் கறுப்பாக இருக்கும். அங்கே படமே விழவில்லை. மென்பொருள் மற்ற இடத்தை இழுத்து நீட்டி நிரப்புகிறது. 24-120 அந்த எல்லைக்குப் போகவில்லை. ஆனாலும் இரவு வானத்தை எடுப்பவர்கள் மூலைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. இருண்ட மூலையை மென்பொருள் பிரகாசமாக்கும்போது இரைச்சலும் கூடவே எழும்.

இந்த லென்ஸில் விஆர் கிடையாது. பழைய 24-120இல் இருந்ததை எடுத்துவிட்டு, கேமராவுக்குள் சென்சாரை அசைத்துச் சமாளிக்கும் வசதியை நம்பியிருக்கிறார்கள். இசட்5இலிருந்து இசட்9 வரை ஃபுல்ஃபிரேம் பாடிகளில் அது இருப்பதால் கவலையில்லை. இசட்50, இசட்30 போன்ற சின்ன சென்சார் பாடியில் மாட்டினால் இரண்டு பக்கமும் உதவி இருக்காது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகத்தில் கவனம் வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது எப்படி?

எந்த விமர்சனமும் நீங்கள் வாங்கிய லென்ஸைப் பற்றிச் சொல்லாது. லென்ஸின் கூர்மையைக் காட்டப் பல நிறுவனங்கள் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடங்கள் கணினியில் கணக்கிடப்பட்டவை. தொழிற்சாலையிலிருந்து வந்த கண்ணாடியை அளந்தவை அல்ல. லென்ஸ்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிக்காலா, ஒரே மாடலின் பல லென்ஸ்களை ஒளியியல் மேசையில் அளந்து முடிவுகளை வெளியிட்டவர். ஒன்றுக்கு ஒன்று வேறுபடும் என்பதும், ஜூம் லென்ஸ்களில் அந்த வேறுபாடு பிரைமைவிட அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. உள்ளே அசையும் பாகங்கள் அத்தனை. ஒரு கண்ணாடி இம்மி சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு மூலை மட்டும் மழுங்கும்.

கண்டுபிடிக்கச் செங்கல் சுவரை எல்லோரும் படம் எடுப்பார்கள். சுவரும் கேமராவும் இம்மி பிசகாமல் இணையாக நின்றால்தான் அந்தச் சோதனை செல்லும். கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் பழி லென்ஸ்மேல் விழும். எளிய வழி ஒன்று உண்டு. மொட்டை மாடியில் டிரைபாட் போடுங்கள். நூறு மீட்டருக்கு அப்பால், எழுத்து தெளிவாகத் தெரியும் ஒரு கடைப் பலகையைத் தேர்ந்தெடுங்கள். 24 மி.மீ., எஃப்/4. பலகையைப் படத்தின் மேல் இடது மூலைக்குக் கொண்டுவந்து, அங்கேயே ஃபோக்கஸ் செய்து எடுங்கள். பிறகு மற்ற மூன்று மூலைகளுக்கும் அதே பலகையைக் கொண்டுபோய், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஃபோக்கஸ் செய்யுங்கள். நான்கு படத்தையும் கணினியில் நூறு சதவீத அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலைகள் நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் மென்மையாக இருப்பது இயல்பு. நான்கும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் பிரச்சினை இல்லை. மூன்று மூலையில் எழுத்தைப் படிக்க முடிந்து, நான்காவதில் கலங்கினால், எஃப்/8 வைத்தும் அது தெளியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 120இலும் இதையே ஒருமுறை செய்துவிட வேண்டும்; ஒரு முனையில் யோக்கியமாக இருக்கும் லென்ஸ் மறுமுனையில் காலை வாரலாம். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. பழைய லென்ஸ் வாங்குபவர்களோ காசு கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

எஸ்எல்ஆர் காலத்தில் இன்னொரு தலைவலியும் இருந்தது. ஃபோக்கஸ் பார்க்கும் சென்சாரும் படம் பிடிக்கும் சென்சாரும் வேறு வேறு என்பதால், கண்ணில் ஃபோக்கஸ் வைத்தால் காதில் விழும். மிரர்லெஸ்ஸில் அது ஒழிந்தது.

நிக்கான் வைத்திருக்காதவர்களுக்கும் இதே ரகத்தில் லென்ஸ் உண்டு. சோனியின் 24-105 எஃப்/4 ஜி 2017இல் வந்தது. 663 கிராம், நடுக்கம் தாங்கும் வசதி லென்ஸிலேயே இருக்கிறது. கேனன் ஆர்எஃப் 24-105 எஃப்/4 எல் 700 கிராம். கிட்டத்தில் எடுக்க 0.24 மடங்கோடு நின்றுவிடும். பானசோனிக் எஸ் 24-105 அரை மடங்கு வரை போகும். சோனி 2023இல் கொண்டுவந்த 20-70 எஃப்/4 ஜி எனக்குப் பிடித்த குறும்பு: 488 கிராம்தான், நீளத்தை விட்டுக்கொடுத்து அகலத்தை வாங்கியிருக்கிறார்கள். அந்த அகலத்தின் அருமை சின்ன வீட்டில்தான் தெரியும். 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 28 மி.மீ.இல் கிடைக்கும் அகலம் 3.86 மீட்டர், 24இல் 4.5, 20இல் 5.4. டாம்ரான் 28-75 எஃப்/2.8 மலிவும் லேசும்தான். ஆனால் வரவேற்பறையில் குடும்பப் படம் எடுக்கும்போது 28க்கும் 24க்கும் இடையில் ஒரு சித்தப்பா வெளியே நிற்க வேண்டிவரும்.

இசட் பாடியோடு கிட் லென்ஸாக வந்த 24-70 எஃப்/4 எஸ் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 500 கிராம் எடையில் அது கெட்டிக்கார லென்ஸ். எடுத்த படங்களின் தகவலைத் திறந்து, 70 மி.மீ.இல் முட்டி நின்றவை எத்தனை என்று பாருங்கள். லைட்ரூமில் குவியத் தூரத்தை வைத்துப் படங்களைப் பிரிக்கும் வசதி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. பாதிக்கு மேல் 70இல் நின்றிருந்தால் 120க்கு மாறலாம். 24இல் குவிந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது 24-120 அல்ல, இன்னும் அகலமான வேறொரு லென்ஸ்.