குளிரூட்டியின் பழுதுக் குறியீடும் அவசர முடிவுகளும்

வைத்தியசாலைகள், வங்கிகள், விருந்தினர் விடுதிகள் போன்ற பெரிய கட்டிடங்களில் அறைக்கொரு குளிரூட்டி என்ற நிலை மாறி வருகின்றது. கூரைத்தளத்திலுள்ள ஒரு வெளிப்புற அலகு, ஒரே குழாய்த் தொகுதியின் மூலம் பல அறைகளின் உட்புற அலகுகளை இயக்கும் முறைமை அவற்றில் இடம்பிடித்துள்ளது. ஜப்பானின் டாய்க்கின் நிறுவனம் 1982 ஆம் ஆண்டு 'வி.ஆர்.வி.' என்ற பெயரில் அறிமுகப்படுத்திய இதனை ஏனைய தயாரிப்பாளர்கள் 'வி.ஆர்.எஃப்.' என அழைக்கின்றனர். அறையின் தேவைக்கேற்பக் குளிர்வாயுவின் பாய்ச்சல் கூடிக் குறைவதால் மின்சாரம் மீதமாகின்றது. எனினும், ஓரிடத்தில் ஏற்படும் பழுது முழுத் தளத்தையுமே முடக்கிவிடவும் கூடும்.

பழுது ஏற்பட்டதும் சுவரிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் ஓர் எழுத்தும் இலக்கமும் தோன்றுகின்றன. இக்குறியீட்டைக் கண்டவுடனேயே "கொம்பிரசர் போய்விட்டது", "போர்ட்டை மாற்ற வேண்டும்" என முடிவு கட்டும் போக்கு கவலைக்குரியதாகும். காய்ச்சல் எவ்வாறு நோயின் அறிகுறியோ, அவ்வாறே குறியீடும் ஓர் அறிகுறி மாத்திரமே. எங்கே தேட வேண்டும் என்பதை அது சொல்லும். காரணத்தை அளவீடுகளே சொல்ல வேண்டும்.

டாய்க்கின் முறைமையில் 'யூ 4' என்பது உட்புற, வெளிப்புற அலகுகளுக்கிடையிலான தொடர்பாடல் தடைப்பட்டதைக் குறிக்கும். ஓர் அறையில் மாத்திரம் அது தோன்றினால் அந்த அறைக்கான வயரையும் இணைப்பையுமே முதலில் பார்க்க வேண்டும். எல்லா அறைகளிலும் ஒருசேரத் தோன்றினால் வெளிப்புற அலகின் மின்வழங்கலையும் அதனருகேயுள்ள இணைப்புகளையும் ஆராய வேண்டும். தளர்ந்துபோன ஒரு திருகாணிகூட இதற்குப் போதுமானது. இவற்றை எல்லாம் சோதித்த பின்னரே மின்சுற்றுப் பலகையில் சந்தேகம் கொள்ளலாம்.

'ஈ 3' உயர் அழுத்தப் பாதுகாப்பு ஆளி செயற்பட்டதைக் காட்டுவது. அழுத்தமானியால் அளக்கும்போது அழுத்தம் உண்மையிலேயே உயர்ந்திருப்பின், தூசு படிந்த சுருள், சுழலாத விசிறி, மூடிய வால்வு, அளவுக்கு மிஞ்சிய குளிர்வாயு என்பவற்றுள் ஒன்று காரணமாயிருக்கலாம். அழுத்தம் சாதாரணமாயிருப்பின் ஆளியையோ அதன் வயரையோ சந்தேகிக்க வேண்டும். 'ஏ 3' என்பது நீர் வடிகாலில் கோளாறு என்பதாகும். பல வேளைகளில் பாசி அடைத்த குழாயைச் சுத்தம் செய்வதே அதற்குப் போதும்.

'யூ 0' குளிர்வாயு குறைந்திருக்கலாம் என எச்சரிக்கின்றது. மூடிய தொகுதியில் வாயு தானாகக் குறைவதில்லை. அது கசிந்திருக்க வேண்டும். கசிவைத் தேடாது மேலும் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பானது. எஞ்சிய வாயுவை மீட்டெடுத்து, நைதரசனால் அழுத்திக் கசிவைக் கண்டறிந்து அடைத்து, வெற்றிடமாக்கி, குழாயின் நீளத்துக்கேற்ப நிறுத்து நிரப்புவதே முறையாகும். இத்தொகுதிகள் பலவற்றிலுள்ள ஆர்-410ஏ வாயுவின் ஒரு கிலோகிராம், நூறாண்டுக் கணக்கில் சுமார் 2 தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடாகப் புவியை வெப்பமாக்கக் கூடியது. பெரிய தொகுதியொன்றின் வாயு முழுவதும் சிறியதொரு மூடிய அறையினுள் கசிந்தால், ஒட்சிசன் குறைந்து அங்கிருப்போரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எமது நாட்டில் மின்தடையும் இப்பிரச்சினையுடன் பிணைந்துள்ளது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீடித்த மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஏற்பட்ட மின்தடையையும் நாம் மறந்துவிட முடியாது. நீண்ட தடைக்குப் பின்னர், கொம்பிரசர் எண்ணெய் சூடேறுவதற்காக இயக்கத்துக்குச் சுமார் 6 மணித்தியாலங்கள் முன்னரே மின்வழங்க வேண்டும் எனத் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். மின்பிறப்பாக்கி இயங்கியவுடன் அவசரப்பட்டு இயக்குவது பழுதை விலைக்கு வாங்குவதாகும். குறியீட்டை மறையச் செய்வதற்காக மீண்டும் மீண்டும் மின்சாரத்தை நிறுத்தி வழங்குவதும் அவ்வாறானதே. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் இன்வேட்டர் பகுதியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். ஆதலால் சுமார் 10 நிமிடங்கள் கழிந்து, அளந்து பார்த்த பின்னரே அதனைத் தொட வேண்டும்.

ஒரே குறியீடு எல்லாத் தயாரிப்புகளுக்கும் பொருந்தாது. மிட்சுபிஷி இலெக்ட்ரிக் தொகுதிகள் நான்கு இலக்க எண்களைப் பயன்படுத்துகின்றன. ஆகையால் அந்தந்த மாதிரிக்குரிய கைந்நூல் அவசியமாகும். அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் தமிழ் மொழிமூலம் பயிலும் இளைஞர்கள் இடர்ப்படுகின்றனர். வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோருக்கும் இவ்வறிவு கைகொடுக்கும். தொழிற்பயிற்சி நிறுவனங்கள் தமிழில் விளக்கக் கைந்நூல்களை வெளியிட முன்வர வேண்டும்.

நிறுவனப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு கடமையுண்டு. குறியீடு தோன்றிய நேரம், பாதிக்கப்பட்ட அறைகள், அளந்த அழுத்தம், மின்னழுத்தம் என்பவற்றைப் பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும். அளவீட்டு அறிக்கையின்றி எந்தப் பாகத்தையும் மாற்ற அனுமதிக்கலாகாது. கழற்றிய பாகத்தையும் கேட்டுப் பெறுதல் நன்று. பொதுமக்களின் பணத்தில் இயங்கும் வைத்தியசாலையொன்றில் தேவையற்றுச் செலவாகும் ஒவ்வொரு ரூபாவும் நோயாளியின் மருந்துக்குரியது என்பதை உரியவர்கள் மனதிற் கொள்வார்களாக.