ஒன்பது திரைகளில் ஒரே பாட்டு

நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றையொட்டி ரோக்பி என்ற பழைய மாளிகை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மொத்தம் 43 அறைகள். சுவர்க்காகிதம் உரிந்து, சாயம் வெளுத்து, பழைய செல்வத்தின் அடையாளங்களோடு இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடு. 2012இல் ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் க்யார்டன்சன் தன் இசைக்கலைஞர் நண்பர்களை அங்கே கூட்டிப்போய், ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடச் சொன்னார். அந்தப் பதிவுதான் ‘தி விசிட்டர்ஸ்’. ஒன்பது திரைகளில் 64 நிமிடம் ஓடும் இந்தப் படைப்பைத்தான் 2019இல் லண்டன் ‘கார்டியன்’ நாளிதழ் இந்த நூற்றாண்டின் கலைப்படைப்புகளில் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது.

திரைகளைப் பெருக்கிக் காட்டும் ஆசை புதியதல்ல. ஆபெல் கான்ஸ் என்ற பிரெஞ்சு இயக்குநர் 1927லேயே தன் ‘நெப்போலியன்’ படத்தின் இறுதிப் பகுதிக்கு மூன்று திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 1959இல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சிக்கு சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஏழு பெருந்திரைகளில் ஓடும் படம் செய்து தந்தார்கள். ஆனால் இவற்றிலெல்லாம் பார்ப்பவருக்குக் குறித்த இடம் ஒரே பக்கம்தான்; திரைகளுக்கு எதிரே. க்யார்டன்சனின் படைப்பில் திரைகள் அறையைச் சுற்றிலும், சில சமயம் நடுவிலும் நிற்கின்றன. நாற்காலி வரிசை கிடையாது. எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது நகர்வது எல்லாம் நம் கையில்.

எட்டுத் திரைகளில் எட்டு இசைக்கலைஞர்கள். ஒருத்தி அக்கார்டியன் வாசிக்கிறாள், அவள் சகோதரி வேறோர் அறையில் செல்லோ. டிரம்ஸ்காரர் சமையலறையில் இருக்கிறார். ஒருவர் கட்டில் விளிம்பில் கிடாரோடு உட்கார்ந்திருக்க, பின்னால் ஒரு பெண் முதுகு காட்டித் தூங்குகிறாள். க்யார்டன்சன் குளியல் தொட்டியில் தண்ணீருக்குள் அமர்ந்தபடியே கிடார் மீட்டுகிறார். ஒன்பதாவது திரையில் வீட்டின் முன் திண்ணை. அங்கே அந்த வீட்டுக்காரர்களும் நண்பர்களும் சேர்ந்து கோரஸ் பாடுகிறார்கள். ‘சிகூர் ரோஸ்’ குழுவில் இருந்த க்யார்டன் ஸ்வெய்ன்சன், ‘மூம்’ குழுவில் பாடிய வால்ட்டிஸ்தோத்திர் சகோதரிகள் போன்ற, ஐஸ்லாந்து இசையுலகம் நன்கறிந்த பெயர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. க்யார்டன்சனோடு சேர்ந்து இசையமைத்த தாவித் தோர் யோன்சனும் உண்டு.

ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்க முடியாது. எல்லோரும் ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள். காதில் கேட்பதை மட்டும் நம்பித் தாளம் பிடிக்கிறார்கள். ஒரே டேக், வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. யாராவது தடுமாறினாலும் தாமதித்தாலும் அது அப்படியே இருக்கும். ஒருவர் அடங்கி வாசிக்கும்போது மற்றவர்கள் ஒலியைத் தணித்துக் காத்திருப்பதும், எங்கோ ஓர் அறையில் குரல் உயர்ந்ததும் எட்டு அறைகளும் ஒருசேர எழுவதும் உயிரோட்டமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஒலியமைப்பில்தான் இந்தப் படைப்பின் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு திரைக்கும் தனி ஒலிபெருக்கி. அந்தந்த அறையின் ஒலி அந்தந்தத் திரையிலிருந்து மட்டும் வரும். சினிமா தியேட்டரில் பாட்டின் அளவுகளை எல்லாம் ஒலிக்கலவையாளர் முன்பே முடிவுசெய்து விடுகிறார். இங்கே அந்த வேலையைச் செய்வது நம் கால்கள். செல்லோவின் பக்கம் போனால் செல்லோ முன்னுக்கு வரும், டிரம்ஸ் பின்வாங்கும். நடுவில் நின்றால் முழு வாத்தியக் குழுவும் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் கேட்கும் பாட்டும் நாம் கேட்கும் பாட்டும் ஒன்றாக இருக்காது. கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 2001இல் 40 குரல்களை 40 ஒலிபெருக்கிகளில் தனித்தனியே வைத்து இதே அனுபவத்தைப் படமே இல்லாமல் தந்திருக்கிறார்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் நம்மை எட்ட விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிவிடும். வேகமான தாளமாக இருந்தால் அந்த இடைவெளியே பாட்டைக் குழப்பிவிடும். ஒன்பது பதிவுகளும் ஒரே கணத்தில் தொடங்கி, கடைசிவரை பிசகாமல் ஓட வேண்டியதும் இதனால்தான். ‘தி விசிட்டர்ஸ்’ பாட்டு மிக நிதானமாக நகர்வது உணர்ச்சிக்கு மட்டுமல்ல, இந்த அமைப்புக்கும் பொருந்திவருகிறது.

பாட்டின் வரிகள் க்யார்டன்சனின் முன்னாள் மனைவி ஆஸ்திஸ் சிஃப் குன்னர்ஸ்தோத்திரின் கவிதையிலிருந்து எடுத்தவை. அவர்களது மணவாழ்க்கை முடிந்த வேளையில் உருவான படைப்பு இது. தலைப்பு 1981இல் வந்த ‘அபா’ (ABBA) இசைக்குழுவின் ஆல்பத்தின் பெயர். அந்தக் குழுவின் இரண்டு தம்பதிகளும் பிரிந்துவிட்டிருந்த காலத்தில் வெளிவந்தது அது. பிரிவின் வலியை ஒருவர் தனியாகச் சுமக்காமல், நண்பர்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து ஏந்திக்கொள்கிறார்கள். சில வரிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அரை மணி நேரம் போன பிறகு சோகம் மெல்ல இளகி, கிட்டத்தட்ட ஒரு வழிபாட்டுப் பாடலின் அமைதிக்கு வந்துவிடுகிறது. இப்படித் திரும்பச் செய்வது க்யார்டன்சனுக்குக் கைவந்த முறை. 2013இல் நியூயார்க்கில் ‘தி நேஷனல்’ குழுவை ஒரே பாட்டை ஆறு மணி நேரம் தொடர்ந்து பாடவைத்தார்.

கடைசிக் கட்டத்தில் ஒவ்வொருவராகத் தம் அறையை விட்டு எழுந்து வருகிறார்கள். க்யார்டன்சன் தொட்டியிலிருந்து எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டு மற்றவர்களோடு சேர்கிறார். காலியான திரைகளை விட்டுப் பார்வையாளர்களும் கூட்டம் சேரும் திரைக்கு நகர்கிறார்கள். பாடிக்கொண்டே அவர்கள் வீட்டை விட்டு வெளியேறிப் புல்வெளியில் இறங்கிப் போக, ஒருவர் அறை அறையாகச் சென்று கேமராக்களை அணைக்கிறார். திரைகள் ஒவ்வொன்றாக இருள்கின்றன.

புகழ்பெற்ற ஓவியங்களைச் சுவரெங்கும் பெரிதாக்கிக் காட்டி, பின்னணி இசை சேர்க்கும் கண்காட்சிகள் இப்போது ஊருக்கு ஊர் நடக்கின்றன. அவற்றில் நாம் பிம்பங்களுக்கு நடுவே நிற்கிறோம், அவ்வளவே. நாம் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அங்கே எதுவும் மாறாது. க்யார்டன்சனிடம் இருந்தவை பழைய வீடு, நண்பர்கள், ஒன்பது கேமரா. பார்ப்பவரின் நடைக்கு வேலை கொடுத்ததால்தான் அவருடைய படைப்பு நிற்கிறது. திரைகளின் எண்ணிக்கையோ அளவோ அந்த வேலையைச் செய்யாது.

லாஸ் ஏஞ்சலஸின் ‘தி பிராட்’ போன்ற அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் இது இருக்கிறது. அவ்வப்போது பல நாடுகளுக்கும் போய்வருகிறது. பார்க்க வாய்த்தால் 64 நிமிடத்தையும் அதற்கென ஒதுக்குங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். ஒரே இடத்தில் நிற்காமல் ஒன்பது திரைகளிடமும் ஒரு முறையாவது போய் நின்று கேளுங்கள்.