கரையும் கருவியும் – 9: பெயின்ட் உரியாத படகு

சென்ற வாரம் மரவள்ளத்தோடு நிறுத்தினோம். மரம் பெயின்டைக் குடிக்கும். அதன் நுண்துளைகளுக்குள் இறங்கியே பூச்சு பிடிமானம் பெறும். இன்று வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தின் சேராக்குளி, கங்கைவாடி கரைகளில் பைபர் படகுகளும், வலைக்கு மிதவையாகக் கட்டிய பிளாஸ்டிக் கேன்களும் கிடக்கின்றன. இவற்றில் குடிப்பதற்குத் துளையே இல்லை.

படகில் பெயின்ட் நிலைத்து நிற்பது அழகு சார்ந்த விஷயம் மட்டுமல்ல. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு பதிவு செய்யப்பட வேண்டும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகின் இலக்கம் ‘ஓ.எஃப்.ஆர்.பி.’ என்று தொடங்கும். காணாமற்போன படகைத் தேடும் நாளில் அந்த எழுத்துகள் படிக்கத்தக்கவையாக இருக்க வேண்டும்.

பெயின்ட் ஒட்டுவதற்கு முதலில் அது பரப்பில் விரிந்து படர வேண்டும். பரப்பின் ஈர்ப்பு வலுவாக இருந்தால் திரவம் படரும். குறைவாக இருந்தால் தாமரையிலைத் தண்ணீராய்த் திரண்டு நிற்கும். இந்த ஈர்ப்பை மீற்றருக்கு மில்லிநியூட்டன் என்ற அலகால் அளப்பார்கள். பிவிசிக்கு அது ஏறத்தாழ 39. கேன் செய்யும் பொலிஎதிலீனுக்கு 31, பிளாஸ்டிக் கதிரை செய்யும் பொலிப்புரொப்பிலீனுக்கு 30 அளவில்தான். பின்னிரண்டையும் சாதாரண தின்னர் இளக்குவதுமில்லை. அதனால்தான் எவ்வளவு விலை கூடிய பெயின்டும் அவற்றிலிருந்து தோலாக உரிகிறது.

ஆகவே, பெயின்ட் வாங்குமுன் பொருளை அடையாளம் காணுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 4 இருந்தால் பொலிஎதிலீன், 3 என்றால் பிவிசி, 5 என்றால் பொலிப்புரொப்பிலீன். குறி அழிந்திருந்தால் சிறு துண்டொன்றை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். முதலாவதும் கடைசியும் மிதக்கும், பிவிசி தாழும்.

பைபர் படகுதான் இவற்றுள் இணக்கமானது. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. படகை அச்சிலிருந்து எளிதாகக் கழற்ற அச்சில் மெழுகு பூசுவார்கள். அது புதிய படகின் மேற்பூச்சில் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் சாண்ட் பேப்பர் போட்டால் மெழுகு கீறல்களுக்குள்ளேயே அழுந்திவிடும். எனவே வரிசை தவறக் கூடாது: மெழுகு நீக்கும் கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடைத்து, ஈரம் காயுமுன் வேறொரு சுத்தத் துணியால் எடுக்க வேண்டும். அதன்பிறகே தேய்ப்பு. பளபளப்பு முழுதும் மங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நின்றால் பரப்பு தயார். நன்றாகக் காயவிட்டு, இரு கலவை எபொக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் நிறம் கொடுக்கலாம். பைபர் தூசி நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசமின்றித் தேய்க்காதீர்கள்.

பொலிஎதிலீனுக்கும் பொலிப்புரொப்பிலீனுக்கும் தேய்ப்பு மட்டும் போதாது. தொழிற்சாலைகளில் சுவாலையை ஒரு கணம் காட்டியோ, மின்னிறக்கம் பாய்ச்சியோ மேற்பரப்பில் ஒட்சிசனைப் பிணைப்பார்கள். ஷொப்பிங் பைகளில் அச்சு நிற்பது இப்படித்தான். அதற்கு 38 அலகாவது வேண்டும் என்பது அச்சுத்துறை வழக்கம். இல்லாவிட்டால் இவ்வகைப் பிளாஸ்டிக்கிற்கென்றே செய்த, குளோரின் சேர்ந்த பிரைமர் தேவை. தின்னர் புழங்கும் வாடியில் சுவாலை முறையை யாரும் முயலக் கூடாது. மிதவைக் கேனுக்கு என் பரிந்துரை, பெயின்டே வேண்டாம் என்பதுதான். நிறத்தோடு வார்த்த கேனை வாங்கி, அடையாளத்துக்கு வண்ணத் துணி கட்டுங்கள்.

முழுப் படகுக்கும் அடிக்குமுன் ஒரு மூலையில் சோதியுங்கள். பூச்சு நன்கு இறுகியபின் பிளேட்டால் சிறு கட்டங்களாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென இழுங்கள். கட்டங்கள் நாடாவோடு வந்தால் சுத்தம் செய்வதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

இந்த உழைப்பை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உரியும் பெயின்ட் செதில்களும் நுண்பிளாஸ்டிக்தான். அவை விழுவது புத்தளம் களப்பில். கலா ஓயா முகத்துவாரத்துக் கண்டல்களுக்கிடையே மீன், இறால் குஞ்சுகள் வளரும் நீரில். ஒழுங்காகத் தேய்த்துப் பூசிய படகு அதன் உரிமையாளருக்கு மட்டுமல்ல, அந்தக் களப்பை நம்பி வாழும் எல்லோருக்கும் செய்யும் உதவி.

(அடுத்த வாரம்: படகின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் காப்பது)